ஒரு பாட்டில் கூலண்ட்

இந்த முறை மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியாக, தீர்மானமாக, யாருக்கும் தெரியாமல் முடிவெடுத்தேன். என் வீட்டில் என் முடிவுகள் எல்லாம் அந்த ரகம்தான். வெளியே தெரிந்தால் மாறிவிடும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். விடிவதற்குள் விசில் ஊதுவார். போன வருஷம் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து, பத்து நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினேன். அவரோடு இருக்கும் என் மாமியார் எங்களைப் பார்க்க வந்திருந்தார். திரும்புகிற நாள் வந்தது.

"அம்மாவைக் கார்லயே கொண்டு விட்டுட்டு, நாமளும் ஒரு வாரம் இருந்துட்டு வரலாங்க" என்றாள் மனைவி. அவள் "வரலாங்க" என்றால் பெட்டி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

என் திட்டம் இதுதான். கிளம்புகிற அன்று எல்லாரும் எழுவதற்கு முன்னால் கார் ரேடியேட்டரிலிருந்து கூலண்டைப் பிடித்துவிடுவது. இன்ஜின் சூடாகாமல் காக்கிற கிளிப்பச்சைத் தண்ணீர் அது. ஒரு காலி ஜூஸ் பாட்டிலில் பிடித்து, டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்தேன். அடிக்கிற வெயிலில், பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் வண்டி மக்கர் பண்ணும். மாமியாரை பஸ் ஏற்றிவிட்டு, கூலண்டைத் திருப்பி ஊற்றி, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம்.

பஸ் ஸ்டாண்ட் வந்தது. சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. பஸ் ஸ்டாண்ட் போனது. முள் அப்போதும் அசையவில்லை. ஊர் முடிந்து பைபாஸ் ரோடு பிடித்தோம். அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, உதவிக்கு ஒரு கடை கிடையாது. அங்கே வந்ததும் முள் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

"என்னங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஏசி ஓடுதே."

"வெயிலும்மா."

"வெயில் வெளியிலதானே இருக்கு?"

முள் சிவப்பைத் தொட்டது. ஏதோ கருகும் வாடை. வண்டியை நிறுத்தச் சொன்னது என் மூளை. நிறுத்தினால் என்ன கேட்பாள் என்று சொன்னதும் அதே மூளைதான். இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரம்கட்டினேன்.

"மாப்ள, வெடிச்சிருமா?" என்றார் பின்சீட்டிலிருந்து மாமியார்.

"சேச்சே, அதெல்லாம் வெடிக்காது அத்தை" என்றேன், பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

"நீங்க முன்னாடி பாருங்க. நான் டிக்கியில இருந்து குடையை எடுக்கிறேன்" என்று மனைவி இறங்கினாள்.

பானெட்டுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டேன். டிக்கி திறந்தது. மூடியது. சத்தமே இல்லை. தப்பித்தேன் என்று மூச்சு விட்டு நிமிர்ந்தேன்.

பின்சீட்டில் மாமியார் கையில் ஒரு டம்ளர். அதற்குள் கிளிப்பச்சையாக ஏதோ தளும்புகிறது. பக்கத்தில் என் மனைவி அந்தப் பாட்டிலோடு நின்று புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அ... அது என்னது?"

"டிக்கியில ஜூஸ் இருந்துச்சு. எனக்குன்னு வாங்கி வச்சீங்களாக்கும்? பாதி குடிச்சிட்டேன். கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்திங்க."

தித்திப்பு! கூலண்ட் தித்திக்கும், அதுதான் ஆபத்து, உள்ளே போனால் கிட்னியைத் தின்றுவிடும் என்று மெக்கானிக் எனக்கு ஒருநாள் சொல்லியிருந்தார்.

மாமியார் டம்ளரைத் தூக்கி அண்ணாந்தார். ஒரே பாய்ச்சலில் தட்டிவிட்டேன். டம்ளர் ரோட்டில் உருண்டது.

"குடிக்காதீங்க அத்தை! அது விஷம்! ஐயோ, நீ எவ்வளவு குடிச்ச? விரலை விடு! வாந்தி எடு! யாராவது வண்டியை நிறுத்துங்களேன்!"

"ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அது ஜூஸ் இல்லடி! கூலண்ட்! நான்தான் காலையில பிடிச்சு ஒளிச்சு வச்சேன்! நான் பாவி! நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

பதினெட்டு வருஷமாக அவளைப் பார்த்துப் பயந்தவன் நான். அவளுக்காகப் பயந்தது அன்றுதான். நடுரோட்டில் மண்டியிட்டு அழுதேன். ஒரு லாரிகூட நிற்கவில்லை.

மனைவி பாட்டிலில் மிச்சமிருந்ததையும் மடமடவென்று குடித்தாள்.

"பச்சைத் திராட்சை ஜூஸ்ங்க. நானே போட்டது. உங்க பாட்டில் டயருக்கு அடியில பத்திரமா இருக்கு. சமையலறை ஜன்னல்னு ஒண்ணு இருக்கிறது உங்களுக்கு ஞாபகமே இல்லையே."

"அப்போ... தெரிஞ்சே ஏன் கிளம்பின?"

"நீங்களா எப்ப வாயைத் திறக்கிறீங்கன்னு பார்த்தேன். இருபத்திரெண்டு கிலோமீட்டர் தாங்கியிருக்கீங்க. பரவாயில்லை."

உயிர் வந்தது. வந்த உயிர் உட்காரக்கூட இல்லை, மாமியார் கேட்டுவிட்டார்.

"ஏன் மாப்ள, நல்லா இருந்த வண்டியை எதுக்கு நீங்களே கெடுத்தீங்க?"

உங்கள் பிள்ளை முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் என்று எப்படிச் சொல்வது? விழித்தேன். மனைவி காதோரம் குனிந்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீயே... நீயே சொல்லிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உன்னை அனுப்ப அவருக்கு மனசே வரலையாம்மா. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு வண்டியைக் கெடுத்திருக்கார். அப்படித்தானேங்க?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அதான் டம்ளரை அப்படித் தட்டிவிட்டாரா! பெத்த பிள்ளைகூட இப்படித் துடிச்சதில்லடி" என்று அப்போதே மகனுக்குப் போன் போட்டார். "டேய், நான் வரலடா. மாப்ளைக்கு நான் இல்லாம முடியாதாம். இனிமே எனக்கு இங்கதான். என் துணிமணி எல்லாத்தையும் மூட்டை கட்டி அனுப்பிடு."

"ரெண்டு வருஷமா கேட்டேன், அம்மா நம்மகூட இருக்கட்டும்னு. இடமில்லைன்னீங்க" என்றாள் மனைவி மெதுவாக, குடையை எனக்குப் பிடித்தபடி.

இன்ஜின் ஆற ஒரு மணி நேரம் ஆனது. கூலண்டை ஊற்றி, வண்டியைத் திருப்பினேன்.

நான் போட்ட திட்டப்படியே மச்சான் வீட்டுக்குப் போகாமல் வீடு வந்து சேர்ந்தேன். கட்டிலைத்தான் மாமியாருக்குக் கொடுத்தாகிவிட்டது.