தருமண்ணனின் டிபன் கேரியரை நான் சோதனை போட்ட நாள்

சந்தேகப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. ஆனால் அரைகுறையாகப் படித்திருந்தால் சந்தேகம் ஜாஸ்தியாக வரும். உங்கள் அப்பா பத்தாவது பாஸ். (கணக்கில் முப்பத்தைந்து. அதை இப்போது கிளற வேண்டாம்.)

கள்ளக்குறிச்சி பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. மரவள்ளிக்கிழங்கு லாரியும் வரவில்லை. ஆலை நின்றுவிட்டது. முதலாளி சேலத்திலிருந்து போன் போட்டார்.

"தம்பி, மெஷின் சும்மாதான நிக்குது? பிட்டர் தருமனை வச்சு அரவை மெஷினுக்கு பிளேடு மாத்திடு. ஒரு ஆணிகூட வெளிய போவக் கூடாது. நீதான் எனக்குக் கண்ணு."

ஒரே போனில் நான் சி.ஐ.டி. ஆகிவிட்டேன்.

டீக்காரர் திருப்பி எடுத்துப் போகும் கிளாஸ்களை எண்ணினேன். வாட்ச்மேனின் குடையை விரித்துப் பார்த்தேன். ஆனாலும் என் முழுச் சந்தேகமும் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் தருமண்ணன் மேல்தான். பஸ்ஸே ஓடாத நேரத்தில் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு மனிதர் தினமும் டாண் என்று எட்டு மணிக்கு எப்படி வந்து நிற்கிறார்?

"எப்படிண்ணா வரீங்க?"

"நடந்துதான். பின்ன இன்னா, ஏரோப்ளேன்லயா வருவாங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு சுவிட்ச் ரூமுக்குள் போனேன். போர்டில் மூன்று பொக்கை. மூன்று பீஸ் கட்டைகளையும் காணோம்! பீஸ் கட்டை என்றால் கரண்ட் போகும் வழியில் செருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. அதை உருவினால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு மனிதர் அதை எதற்கு உருவுவார் என்பதுதான் தெரியாது. அதற்குள் இருக்கும் செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல கிராக்கி என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

போதாக்குறைக்கு, ஸ்டார்ட்டர் பெட்டி மேல் சாக்பீஸில் ஒரு பெரிய பெருக்கல் குறி. ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஏதாவது எழுதியிருந்த காலம். 'நம்ம ஆலைக்கும் குறி வச்சிட்டானுங்க' என்று ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். (அவ்வளவு சுத்தமாக நான் வீட்டில் எதையும் துடைத்ததில்லை என்று உங்கள் அம்மா சொல்வாள்.)

ஆணியில் தருமண்ணனின் டிபன் கேரியர் தொங்கியது. திறந்தேன். மேல் கிண்ணத்தில் சாமைச் சோறு. நடுக்கிண்ணத்தில் துவையல். அடிக்கிண்ணத்தில், துணியில் சுற்றி, மூன்று பீஸ் கட்டைகள்!

ஆள் எங்கே என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் திருடன் உஷாராகிவிடுவானே! சத்தமில்லாமல் மூன்றையும் போர்டில் செருகினேன். மெயின் சுவிட்சைத் தூக்கினேன். மீட்ட பொருள் பழுதில்லாமல் இருக்கிறதா என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டாமா? பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

மோட்டார் உறுமியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல்.

"டேய்! எவன்டா அது!"

நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கு நேராக இருந்தது. அதை விட்டுவிட்டு ஓடினேன். அரவை மெஷினின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கைகள் இரண்டும் தோள்வரை உருளைக்குள்.

கால்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொரு கை. தருமண்ணன் இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் நான் உருளையைப் பார்த்தேன். அது சுற்றவே இல்லை. மோட்டார் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. உருளையைச் சுற்ற வைக்கும் பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்.

அவர் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"போடாதன்னு பொட்டி மேல சாக்பீஸ்ல குறி வேற போட்டிருந்தனே, பீஸ இன்னாத்துக்குடா போட்ட?"

"திருடு போயிடுச்சோன்னு நெனச்சண்ணா..."

"என் சோத்துப் பொட்டில இருந்து எடுத்தது நீ. திருடன் நானா?"

"பெல்ட்ட எதுக்குண்ணா கழட்டினீங்க?" (அந்த நேரத்திலும் விசாரணை!)

"உன்ன மாதிரி ஒருத்தன் வருவான்னுதான். பீஸ எவனும் சொருவிடலாம். பெல்ட்ட மாட்ட ரெண்டு ஆள் வேணும்டா."

மூன்று நாள் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவரோ வேலைக்கு வந்த நாளிலிருந்து உலகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகத்தால்தான் அவர் கைகளும் என் வேலையும் பிழைத்தன.

முதலாளியிடம் அவர் சொல்லவில்லை. பதிலாக ஒரு தண்டனை கொடுத்தார். அவர் மெஷினுக்குள் கைவிடும் போதெல்லாம் நான் அவர் கண்ணுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் அடியிலிருந்து குரல் வரும்: "கையக் காட்டு!" ரோடு திறந்து, கிழங்கு தோல் சீவும் பெண்கள் வேலைக்குத் திரும்பிய அன்றும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "இன்னா தம்பி, வாத்தியாரு பெரம்பால அடிக்கப் போறாரா?" என்று ஒரு அக்கா கேட்டார். மறுநாளிலிருந்து ஆலை முழுக்க என் பெயரே 'கையக்காட்டு'தான்.

இப்போதும் டப்பாவில் முறுக்கு குறைந்தால் உங்கள் அம்மா என்னைப் பார்த்துத்தான் "கையக் காட்டுங்க" என்கிறாள். அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே. எங்கள் கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்கள். போட்டோக்காரர் தயாராகும்போது பக்கத்தில் நின்ற தருமண்ணன் காதோடு "கையக் காட்டு" என்றார். பழக்கதோஷம், மாலையும் கழுத்துமாக இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அவரும் சிரித்தபடி தன் கைகளை நீட்டினார். ஏன் என்று கேட்டு அன்றே உங்கள் அம்மா முழுக் கதையையும் கறந்துவிட்டாள். என்னைக் கிண்டல் செய்தது போதும், அவர் விரல்களை எண்ணிப் பாருங்கள். பத்தும் இருக்கின்றன.