எட்டு சென்டிமீட்டர் மாப்பிள்ளை

"சின்ன", "பெரிய" என்ற இரண்டு சொற்களும் அப்போது எனக்கு வராது. ஆறு வாரப் பயிற்சியில் அவற்றை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

சென்னையில் மெடிக்கல் கோடிங் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இன்ஷூரன்ஸுக்காக எண்ணாக மாற்றுகிற வேலை. (விருத்தாசலத்தில் எங்கள் தெரு, "ஊசி போடுவியா?" என்று கேட்டது. மாட்டேன் என்றதும் மரியாதை குறைந்தது.) வெட்டுக்காயப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை சென்டிமீட்டர். கையிலும் காலிலுமாகச் சாதாரணத் தையல் பல இருந்தால், நீளங்களைக் கூட்டி ஒன்றாகச் சொல்ல வேண்டும். இந்த அறிவோடு அக்காவின் தலை தீபாவளிக்கு வந்து இறங்கினேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, சேத்தியாத்தோப்புக்காரர். ஒரே பிள்ளை. அவரை மூன்று நாள் எங்கள் வீட்டில் விட அவர் அம்மாவுக்கு மனசே இல்லை. அக்கா கெஞ்சி வாங்கிய மூன்று நாள் அது.

முதல் நாள் காலையிலேயே, அப்பாவின் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட தட்டுகளை (எங்கள் ஊரில் பாதி வீட்டில் அதுதான் தட்டு) பரணிலிருந்து இறக்க மாமா உதவிக்கு வந்தார். அடுக்கு சரிந்தது. விட்டிருந்தால் தட்டோடு போயிருக்கும். பிடிக்கப் போனார்; உடைந்த பீங்கான் கையையும் காலையும் கிழித்தது.

அம்மா அலறினார். நான் நிதானமாக ஸ்கேலும் நோட்டும் எடுத்துவந்தேன்.

"மாமா, கையக் கொஞ்சம் நேரா காட்டுங்க."

"ஏம்மா, துணி ஏதாச்சும் இருந்தா குடேன்," என்றார் மாமா, பாவம்.

நான் "நடந்த இடம்: சமையலறை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா நோட்டைப் பிடுங்கி வீசிவிட்டு, புதுப் புடவை முந்தானையால் அவர் கையைச் சுற்றினாள்.

கிளினிக்கில் சுண்டுவிரல், கட்டைவிரல், உள்ளங்கை, பாதம் என்று நான்கு இடத்தில் இரண்டிரண்டு தையல். ஒவ்வொரு காயமும் இரண்டு சென்டிமீட்டர். (அளந்தது நான். டாக்டர் தடுக்கவில்லை, பயந்திருக்கலாம்.)

வீடு திரும்பியதும் போன் அடித்தது. அக்கா என்னைத் தள்ளினாள். "நான் பேசுனா அழுதுடுவேன். அத்தைகிட்ட சின்னக் காயம்னு மட்டும் சொல்லுடி. இல்லன்னா இப்பவே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"புள்ள கைய வெட்டிக்கிச்சாமே! சின்னதா பெரிசாம்மா?" என்றார் அத்தை. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னது என்பது அளவே இல்லையே! வகுப்பில் மதிப்பெண் போய்விடும்.

"மொத்தம் எட்டு சென்டிமீட்டருங்க அத்தை."

"ஐயோ!" என்று ஒரு குரல். பிறகு யாரிடமோ, "வேனக் கூப்புடு!"

மத்தியானம் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு குலை இளநீர், ஒரு தலையணை. மாமா அதிரசம் தின்றுகொண்டிருந்தார். அத்தை அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு சென்டிமீட்டர் எங்கடா?"

"நாலையும் கூட்டினா வரும்மா," என்றார் மாமா சுவரைப் பார்த்து.

அத்தை என் பக்கம் திரும்பினார். "காயத்தப் போயி யாராச்சும் கூட்டுவாங்களா பொண்ணு?"

"அமெரிக்காவுல கூட்டுவாங்க அத்தை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அத்தை சிரித்தார். சிரித்துச் சிரித்து அந்தத் தலையணையிலேயே சாய்ந்துவிட்டார். அக்காவுக்கு மூன்று நாளும் முழுதாகக் கிடைத்தது, ஏழு பேரோடு.

போன மாதம் மாமா பைக்கில் சறுக்கி விழுந்தார். சேத்தியாத்தோப்புக்குப் போன் செய்தேன். "அத்தை, மாமாவுக்கு..." என்பதற்குள் அவர் சொன்னார்:

"கூட்டாம சொல்லு."