முதல் தரிசனம்

மாணிக்கபுரி நாட்டில் மழை பெய்யாத ஆண்டுகள் உண்டு. ஆணை பிறக்காத நாள் கிடையாது. அங்கே ஒருமுறை, மன்னரின் முகத்தைப் பார்த்த கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. அமைச்சரவை அவசரமாகக் கூடியது. முன்பே கண்டதையும் பார்த்ததால்தான் குழந்தை கெட்டுப்போயிற்று என்று முடிவாயிற்று. இனிப் பிறக்கும் குழந்தைகள் முதன்முதலில் காண்பது மன்னரின் திருமுகமாகவே இருக்க வேண்டும். அதுவரை கண்களுக்குப் பட்டுத்துணிக் கட்டு; முடிச்சின் மேல் அரக்கு முத்திரை.

"பட்டு இலவசம்!" என்று முரசறைந்தார்கள். மக்களுக்கு மகிழ்ச்சி.

உப்பளத்தில் வேலை செய்யும் வடிவாம்பாளுக்கு அப்போதுதான் செவ்வந்தி பிறந்தாள். பெயர் சூட்டும் நாளில் தரிசனம் என்றார்கள். அதற்குள் மன்னர் திக்விஜயம் கிளம்பிவிட்டார். திரும்பி வந்ததும் தரிசன மண்டபத்துக்குப் பொன் பூசும் வேலை தொடங்கியது. அது முடிவதற்குள் தேர்தல் வந்தது. செவ்வந்தி இருட்டிலேயே தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள்.

பொறுக்க மாட்டாமல் வடிவாம்பாள் அரண்மனைக்கு ஓடினாள். அங்கே அமைச்சரிடம் வைத்தியர் நம்பிநாதர் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கண்ணு வெறும் வாசல்தான். வெளிச்சம் உள்ளே போகப் போகத்தான் மூளையில வழி விழும். ஆள் நடக்காத காட்டுல ஒத்தையடிப் பாதை உண்டா? இந்தப் பருவம் போச்சுன்னா அப்புறம் பார்வை வரவே வராது!"

"மன்னரைப் பார்க்க மூளை எதற்கய்யா?" என்றார் அமைச்சர்.

வைத்தியர் அன்றே குதிரை லாயத்துக்கு மாற்றப்பட்டார்.

வீடு திரும்பிய வடிவாம்பாள் மகளின் முத்திரையில் நகத்தை வைத்தாள். தன் பிள்ளையின் முத்திரையை உடைத்த பக்கத்து வீட்டுக்காரனின் கண்களை அரசு பறித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

தரிசன நாள் வந்தபோது செவ்வந்திக்குப் பால் பற்கள் விழத் தொடங்கியிருந்தன. நாதஸ்வரம் முழங்கக் கட்டுகளை அவிழ்த்தார்கள்.

"என்ன தெரியுது கண்ணு?"

"ஏதோ பளபளன்னு அசையுதும்மா. நீ எங்க இருக்க?"

வடிவாம்பாள் அவள் முகத்துக்கு நேரேதான் நின்றாள்.

மற்ற குழந்தைகளும் காற்றைத் துழாவின. அமைச்சர் ஒவ்வொரு கண்ணையும் பரிசோதித்துவிட்டு அறிவித்தார்: "கண்களில் குறையில்லை. ஆகவே அரசின் மீதும் குறையில்லை. இனியும் பார்க்காதிருப்பது பிடிவாதம். பிடிவாதம் ராஜத்துரோகம்." பிறகு செவ்வந்தியிடம் வந்தார். "மன்னர் எப்படி இருக்கிறார், சொல் பார்ப்போம்?"

வடிவாம்பாள் மகளின் காதருகே குனிந்தாள். "சூரியன் மாதிரி இருக்காருன்னு சொல்லு தாயி."

செவ்வந்தி ஒரு தூணைப் பார்த்துக் கைகூப்பி அப்படியே சொன்னாள். சிம்மாசனம் அவளுக்குப் பின்னால் இருந்தது. மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது.

"ஏம்மா, கை தட்டுறவங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வடிவாம்பாளும் கை தட்டினாள்.