சைக்கிள் வாங்க நல்ல நேரம்

"இன்னிக்கு வேணாம் மிஸ்டர் கார்த்திகேசு. இப்ப ராகு காலம்."

சைக்கிளைத் தொடப்போன கார்த்திகேசுவின் கை பாதியில் நின்றது. செவ்வாய்க்கிழமை மணி மூன்றரை. ரயில்வே அலுவலகத்தில் பல்வலி என்று புளுகிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடி வந்திருந்தான். கல்லாவில் இருந்த ரமணி, பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எப்ப முடியும்?"

"நாலரைக்கு. அப்புறம் நான் ஸ்டாக் எடுக்கணும். நாளைக்கு வாங்களேன்."

வருவான். அவள் சொன்னால் தினமும் வருவான். கல்யாணமாகாத முப்பத்தாறு வயது குமாஸ்தாவுக்கு அதைவிட என்ன வேலை?

இத்தனைக்கும் அவனுக்குச் சைக்கிள் ஆசை கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்பு, ரமணியை ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கடைக்குள் நுழைந்தான். "என்ன வேணும்?" என்று அவள் கேட்டதும் கண்ணை அங்கும் இங்கும் ஓட்டினான். சுவரில், போர்ட் டிக்சனில் நடக்கப்போகும் ட்ரையத்லான் போட்டியின் போஸ்டர். "அதுக்குத்தான்..." என்று கையைக் காட்டிவிட்டான். அவளும் ஃபாரத்தை நீட்ட, கையெழுத்துப் போட்டுவிட்டான். கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓட வேண்டும், மூன்றும் ஒரே காலையில் என்பதை வீட்டில் போய்த்தான் படித்தான். கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுதான் அவனுக்குத் தெரிந்த நீச்சல்.

நீச்சல் கண்ணாடியும் ஷூவும் ரமணியே எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி சின்னப் பிள்ளைகளுடையது, ஷூ ஒரு சைஸ் பெரிசு. அவள் கையால் கொடுத்ததை எப்படி மாற்றிக் கேட்பது? தலைவலியோடு நீந்திப் பழகினான். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு ஓடினான். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் அண்ணே, அண்ணே என்கிறவள் அவனை மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. அந்த ஒன்றுக்காகவே கடலில் குதிக்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போனான்.

"ஐயோ, குளிகை! இப்ப வாங்கினா திரும்பத் திரும்பச் சைக்கிள் வாங்கிட்டே இருக்கணும்."

நகை வாங்கக் குளிகைதான் உகந்தது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறான். நகை வேறு, சைக்கிள் வேறு போலிருக்கிறது என்று தலையாட்டினான்.

போட்டிக்கு நாலே நாள். சும்மா இருக்க முடியாமல், அலுவலகத்துக் கனகலிங்கத்திடம் பழைய சைக்கிளை இரவல் வாங்கி, வியாழன் விடியலில் பத்துமலைப் பக்கம் விட்டான். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் பிரேக் இல்லை என்று தெரிந்தது. செந்தூலில் ஒரு சாக்கடைக்குள் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை மதியம், முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ஐயோ, என்னாச்சு?" ரமணி எழுந்தே விட்டாள்.

"பிராக்டிஸ்."

அவள் கண் கலங்கியதுபோல் இருந்தது. இல்லை, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"உங்க நட்சத்திரம் என்னா?"

நட்சத்திரம் கேட்டுவிட்டாள்! இனி ஜாதகம்தான் பாக்கி. "விசாகம்" என்றான்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "சந்திராஷ்டமம். ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் வண்டியே வாங்கக் கூடாது."

"ரேஸே ஞாயித்துக்கிழமைதானே?"

"அப்போ அடுத்த வருஷம் ஓடுங்களேன்" என்றாள், தலை நிமிராமல்.

கார்த்திகேசுவுக்கு முகம் சுண்டிவிட்டது. இவனாவது ஓடுவதாவது என்றல்லவா நினைத்துவிட்டாள்! ஓடாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஓடி முடித்துவிட்டாலோ, அதற்கப்புறம் இந்தக் கடைக்கு வர என்ன சாக்கு இருக்கிறது? மனசில் இருப்பதைச் சொல்லும் தைரியம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. சைக்கிளை வாங்கி, போட்டியை முடித்து, மெடலோடு ஒரே ஒரு தடவை அவள் முன்னால் நின்றுவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானித்தான்.

சனிக்கிழமை மாலை கடைக்குப் போனபோது ரமணி இல்லை. கல்லாவில் கடை முதலாளி, சீனத் தவுக்கே. கிள்ளான் பக்கம் தமிழர்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்குப் பிள்ளையாக வளர்ந்தவர், தமிழை நம்மைவிடச் சத்தமாகப் பேசுவார்.

"மிஸ் ரமணி இல்லீங்களா தவுக்கே?"

"ரெண்டு மணிக்கே போயிடுச்சி. நீ சைக்கிள் எடுக்கிறியா, இல்லியா? தடவித் தடவிப் பெயிண்டு போச்சி லா!"

கார்த்திகேசு சைக்கிள் சீட்டில் கை வைத்தான். திடீரென்று கையை இழுத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது தவுக்கே. அவங்க இருந்தா பஞ்சாங்கம் பாத்து ஏதாச்சும் வழி சொல்வாங்க."

தவுக்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சர்ச்சுல பாடப் போயிருக்கு லா! நீ மொத தடவ வந்துட்டுப் போன அன்னிக்கு, ராகு காலம்னா என்னான்னு எங்கிட்ட இல்ல கேட்டுச்சி!"