லிஸி வீட்டுக் குர்பானா

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டது மண்டைக்குள் போவதற்குள் வாய் கிளம்பிவிடும், அதுதான் வியாதி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கேளம்பாக்கத்தில் குடியிருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த புதிது. எங்கள் படிக்கட்டில் ஏறினால் தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் தாளிப்பு வாசனையோடு சேர்ந்து வரும். வீட்டுக்காரர் சுத்த சைவம். மொட்டைமாடியில் கருவாடு காயவைத்த ஒரு குடும்பத்தை (அவங்க எங்க ஊர்ப்பக்கம்தான், மானமே போச்சு) உடனே காலி பண்ண வைத்தவர்.

அப்படிப்பட்டவரிடம், "நல்ல பொண்ணு சார், நான் பொறுப்பு" என்று சொல்லி, கோட்டயத்துக்காரி லிஸிக்குக் கீழ்வீட்டை வாங்கிக் கொடுத்தது நான்தான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவோடு அவள் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தாள். நோயாளி என்றதுமே எல்லாரும் கதவைச் சாத்தினார்கள்.

குடிவந்த கொஞ்ச நாளில், துணி காயப்போடும்போது சொன்னாள். "சேச்சி, ஞாயறாழ்ச்ச காலையில நம்ம ஹால்ல குர்பானா உண்டு. அம்மச்சிக்கு வேண்டி. அச்சன் வந்து செய்யும்."

எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா பக்ரீத்துக்கு ஊரில் ஆடு வெட்டிக் கறியை ஒளித்துக் கொண்டுவருவாரே, அந்தக் குர்பானி! அம்மா எழுந்து நடக்கவேண்டும் என்று லிஸி நேர்ந்துகொண்டிருக்கிறாள். (எங்க அச்சரப்பாக்கத்துல கெடா வெட்றதில்லையா?) அச்சன் என்றால் அப்பா. ஆக, அப்பாவே கத்தியோடு வருகிறார்.

"அப்பமும் உண்டு. பட்சே அது சேச்சிக்குத் தர பற்றில்ல, தப்பா நினைக்காதீங்க."

(ஹாலில் ஆடு வெட்டுவாளாம், எனக்கு அப்பம் தர மாட்டாளாம். இன்னா திமிரு!) அந்தக் கோபத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மும்தாஜ் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, கிறிஸ்டின்காரங்க குர்பானி குடுப்பாங்களா?"

"இன்னாடி ஒளர்றே? பக்ரீத் போயி எம்மா நாளாச்சு!" விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் சுருங்கிவிட்டது. "யாரு வெட்னாலும் என் தலையிலதான்டி விடியும். குர்பானின்னா எல்லாரு கண்ணுக்கும் எங்க வூடுதானே தெரியும்? பேரக் கேட்டுட்டே எத்தினி பேரு வூடு இல்லன்னாங்க தெரியுமா?"

லிஸி, அக்கா, பொறுப்பு சொன்ன நான். மூன்று குடும்பமும் தெருவில்.

ஞாயிறு காலை கேட்டருகே காவல் நின்றேன். வெள்ளை அங்கியும் தாடியுமாக ஒருவர் கறுப்புப் பையோடு டாக்சியிலிருந்து இறங்கினார். லிஸி ஓடிவந்து "அச்சோ!" என்றாள். (நானும் மனசுக்குள்ள அதையேதான் சொன்னேன்.) ஆட்டைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் போல. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வீட்டுக்காரரும் வந்துவிட்டார்.

"தொட்டியெல்லாம் நல்லாகீது சார், நீங்க போங்க சார்" என்று அவரை மறித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணிச்சத்தம். கிணிகிணிகிணி.

ஆட்டுக் கழுத்து மணி!

பாய்ந்துபோய்க் கதவைத் தள்ளினேன். "வெட்டாதீங்க! எங்க வயித்துல அடிக்காதீங்க!"

ஹாலில் எல்லாரும் மண்டியிட்டிருந்தார்கள். மேசையில் மெழுகுவர்த்தி. அங்கிக்காரர் இரண்டு கையாலும் ஒரு மெல்லிய வட்ட அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு சின்ன கைமணி. கட்டிலில் அம்மச்சி, அசையக்கூடிய ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார். ஆட்டைக் காணோம். குர்பானா என்றால் பூசை, அச்சன் என்றால் பாதிரியார், அப்பம் என்றால் அவர்கள் மதத்தார் மட்டும் வாங்குகிற நற்கருணை என்று அப்போதுதான் உறைத்தது. பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

"யாரம்மா யாரை வெட்றாங்க?" பின்னால் வீட்டுக்காரர்.

எதற்கும் அடங்காத என் வாய் அன்று பார்த்து அடைத்துப் போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த மும்தாஜ் அக்காதான் புகுந்தார். "கேக்கு சார். அந்தம்மாவுக்குப் பொறந்தநாளு. சாமி கும்புட்டு முடியங்காட்டியும் வெட்டாதீங்கன்னு கத்துது."

"அடடே!" வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். "முட்டை போடாத கேக்குதானே?" என்று சுவரோரமாக உட்கார்ந்தே விட்டார்.

என் கணவரைப் பேக்கரிக்கு விரட்டினேன். அச்சனுக்குத் தமிழ் நன்றாகப் புரிந்திருக்கிறது. புண்ணியவான், பூசை முடிந்தும் ஜெபத்தை இழுத்துக்கொண்டே போனார். இவர் வியர்க்க விறுவிறுக்க வந்து பெட்டியைத் திறந்தால், யாரோ சொல்லிவைத்து வாங்காமல் விட்ட கேக். மேலே கொட்டை எழுத்தில் 'ரமேஷ்'.

வீட்டுக்காரர் குனிந்து படித்தார்.

"ரமேஷுன்னா மலையாளத்துல பொம்பளைப் பேரா?"

"ஆமா சார்," என்றார் அச்சன்.

வீட்டுக்காரர் அச்சனைப் பார்த்தார். லிஸியைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "எனக்கு ஓரத்துண்டு போதும்" என்றார்.

லிஸியை அவர் கடைசிவரை காலி பண்ணச் சொல்லவில்லை. அம்மச்சி கண்மூடியதும் அதே ஹாலில்தான். அன்றைக்கு மாலையோடு முதலில் வந்து நின்றவரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் 'ரீல் விடாதே' என்று சொல்வதில்லை. போன வாரம் மும்தாஜ் அக்கா போன் செய்தார்.

"சக்கரை கொறஞ்சிதாடி?"

"ஸ்வீட்டே தொடறதில்லக்கா."

"அடிப்போடி, ரமேஷ் விடாதே!"