குளித்துப் பார்த்துச் சொல்கிறேன்

கடையில் எந்தப் பொருளைக் கண்டாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, "ம்ஹூம்" என்று உதட்டைப் பிதுக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் ஆராய்ச்சி இனம். அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்ட அம்மாளுக்கு அந்தச் சத்தம் வருஷக்கணக்காகப் பழக்கம். கல்யாணத்துக்கு முன் தன்னை எப்படித் தட்டிப் பார்க்காமல் விட்டார் என்பதுதான் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் குளியலறையில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். பிளம்பர் வந்து பழைய தரையைக் கொத்திப் போட்டார். "ஷவருக்குக் கீழே நின்னு குளிக்கிற இடத்துல என்ன தட்டு பதிக்கணும்னு சொல்லுங்க சார், நாளைக்கே முடிச்சிடலாம்."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஃபைபர் மலிவு, ஆனால் மிதித்தால் அமுங்குமாம். அக்ரிலிக் வெதுவெதுப்பு, ஆனால் கீறல் விழுமாம். கல் உறுதி, ஆனால் தூக்கவே ஆள் படை வேண்டுமாம். டைல்ஸ் அழகு, ஆனால் இடுக்கெல்லாம் பாசியாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் 'ஆனால்' கண்டுபிடிப்பதுதான் அறிவு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? படித்ததே அதற்குத்தானோ என்று எனக்கும் சில நேரம் சந்தேகம் வருகிறது.

படித்தது போதாமல் கணவர் செய்முறையிலும் இறங்கினார். துண்டும் கையுமாக வீடு வீடாகப் போனார்.

"சார், உங்க வீட்ல கல்லுத் தட்டாமே? ஒரு தடவை குளிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

ஆபீஸ் மேலதிகாரி என்ன செய்வார், பாவம்! வழிவிட்டார்.

இங்கே ஆராய்ச்சிக்காரரின் மனைவி சோப்புடப்பாவோடு சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டு நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்ததும் தூங்கப் போகாமல் தன் குளியலறையைத் திறந்துவிட்டு, இவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள்.

"மெதுவா அக்கா. ஆராய்ச்சி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"இப்போ ஸ்டீல்."

"அடுத்தது தங்கமா?"

ஒருநாள் படியில் முழங்கால் மடங்கிவிட்டது. விழவில்லை, கைப்பிடி காப்பாற்றியது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து பிளம்பருக்குப் போன் போட்டாள்.

"வழுக்காதது எது? இன்னைக்கே கிடைக்கிறது எது?"

"சொரசொரப்பு வச்ச அக்ரிலிக் இருக்கும்மா. அடியில சிமெண்ட் கலவையைக் கெட்டியா போட்டுட்டா அசையாது."

"கொண்டு வாங்க."

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"சார் குளிச்சிட்டு இருக்கார்."

"எங்கம்மா?"

"அது யாருக்குத் தெரியும்!"

ஈரத் தலையோடு அவர் திரும்பியபோது தட்டு பதிந்திருந்தது. கலவை இறுகியதும், யார் கையையும் பிடிக்காமல் அவள் தன் வீட்டில், ஆசை தீரக் குளித்தாள். கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது: "எப்படி? எல்லாம் தீர விசாரிச்சுப் போட்டதாக்கும்!"

சிரிக்கிறீர்களா? உங்கள் கைபேசியில் எதையோ எதோடோ ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அது முடியும்வரை உங்கள் வீட்டில் யார், எந்தப் படி ஏறுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தீர்களா?

இவராவது மாடிக்குப் போய் நர்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் போகவில்லை. எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.