பெரியாயி ஈரலின் பூர்வீகவாசி

இலங்கையின் ஊவா மாகாணம் உலகுக்கு வழங்கிய பெருங்கொடை தேயிலைதான் என்று இன்னும் நம்புகிறவர்களின் அறியாமையை மன்னித்துவிடலாம். உண்மையான கொடை, பெரியாயியின் ஈரலில் வளர்ந்த கட்டி. தேயிலை எந்த மலையிலும் முளைக்கும். இது கோடியில் ஒருத்திக்குத்தான் வாய்க்குமாம்.

ஹல்துமுல்லைக்கு மேலே கொழுந்து பறிக்கும் பெரியாயிக்கு இந்தப் பாக்கியம் முதலில் விளங்கவில்லை. திடீர் திடீரென்று முகம் மிளகாய்ப் பழமாகச் சிவக்கும், வயிறு கலக்கும். மலையில் கழிப்பறை கட்டாமல் கொழுந்தின் புனிதத்தைக் காத்துவந்தது நிர்வாகம். ஆகவே அவள் புதருக்கு ஓடுவாள். தோட்டத்து மருந்துச்சாலை ஐயா வீங்கிய ஈரலைத் தடவினார், சிவந்த முகத்தைப் பார்த்தார், 'விஞ்ஞானபூர்வமாக' முடிவெடுத்தார்.

“கசிப்புச் சாராயம் குடிக்கிறத நிப்பாட்டு.”

“ஐயா, நான் வாயில வச்சதே இல்லைங்க!”

“லயத்து வீட்டுக்காரங்க ஈரல் வேற எதுக்கு வீங்கும்?”

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கிருஷ்ணராஜ் அவளை எல்லார் முன்னாலும் ஊதச் சொன்னார். இஞ்சி வாசம்தான் வந்தது. “பாத்தியா, மறைக்கிறதுக்கு இஞ்சியத் தின்னுட்டு வந்திருக்கா!” துப்பறியும் திறன் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது.

மயங்கி விழுந்தவளை மகள் கலாராணி மலைமகள் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஈரலில் ஊசி குத்தி ஒரு துணுக்கு எடுத்தார்கள். நுணுக்குக்காட்டியில் குனிந்த நோயியல் நிபுணர் டொக்டர் றில்வான் நிமிரவேயில்லை. ஒரே அளவான சின்னச் சின்னக் கலங்கள், கொத்துக் கொத்தாக. ஒவ்வொன்றின் கருவிலும் உப்பும் மிளகும் தூவியது போல் புள்ளிகள்.

“நரம்புக் குணமும் இருக்கு, சுரப்பிக் குணமும் இருக்கு! அதுவும் ஈரல்ல! முகம் சிவக்கிறதும் வயித்தால போறதும் இது சுரக்கிற நீராலதான்!”

ஊழியர்கள் வரிசையில் நின்று தரிசித்தார்கள். கேக் வெட்டப்பட்டது. வயிற்றுப்போக்கு இருப்பதால் பெரியாயிக்கு மட்டும் கொடுக்கவில்லை.

“இத எப்பங்க வெட்டி எடுப்பீங்க?” என்றாள் அவள்.

“அவசரப்படாதீங்கம்மா. இது ஈரல்லயே பிறந்ததா, வேற எங்கயும் இருந்து வந்து குந்தினதா என்டு தெரியாம கத்தி வைக்க ஏலாது,” என்றார் றில்வான்.

“வந்து குந்துனதா இருந்தா?”

“வெட்டியும் பிரயோசனமில்ல. அதுட சொந்தக்காரங்க வேற இடத்தில இருப்பாங்களே.”

'பூர்வீகம் அறியும் குழு' கூடியது. குடலுக்குள் கமரா போனது. நுரையீரல் படம் பிடிக்கப்பட்டது. கணையம் விசாரிக்கப்பட்டது. எங்கும் கட்டியின் உறவினர் அகப்படவில்லை. “ஆதாரமில்லாம ஒரு கட்டிய வந்தேறி என்டு சொல்றது பாவம்,” என்று றில்வான் தழுதழுத்தார். பெரியாயியின் பெரியப்பா குடும்பத்தைக் கையில் பிரஜாவுரிமைத் தாளில்லையென்று இந்தியாவுக்குக் கப்பலேற்றியபோது இப்படித் தழுதழுக்க ஒருவரும் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் அப்போது இவ்வளவு வளர்ந்திருக்கவில்லை.

இறுதியில் ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது: கட்டி ஈரலிலேயே பிறந்தது, ஈரலே அதன் நிரந்தர வதிவிடம். வெட்டி எடுத்தால் பெரியாயி பிழைப்பாள். கலாராணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மிச்சமிருந்தது தேதி வாங்குவது மட்டுந்தான். பதிவு மேசையில் இருந்த நஸ்லியா மிஸ் பெரியாயியிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

“நிரந்தர விலாசம்?”

“தோட்டத்து லயமுங்க.”

“வீட்டு நம்பர்?”

“இல்லைங்க.”

“ரோட்டுப் பேர்?”

“ரோடே இல்லைங்க, மிஸ்.”

“சொந்த வீடா?”

“கம்பனியோடதுங்க.”

“எவ்வளவு காலமா இருக்கீங்க?”

“எங்க பூட்டன் காலத்துல இருந்துங்க.”

“அப்ப தற்காலிகம்,” என்று எழுதினார் மிஸ். “நிரந்தர விலாசம் இல்லாதவங்களுக்கு ஒப்பரேஷன் தேதி போட ஏலாதும்மா. சட்டம். விலாசத்தோட வாங்க.”

பெரியாயியின் முகம் சிவந்தது. இந்த முறை கட்டிமேல் பழிபோட முடியாது.

“என் வயித்துல இருக்கிற கட்டிக்கு நிரந்தர வதிவிடம்னு ஐயாமார் அத்தனை பேரும் சேர்ந்து எழுதிக் குடுத்தாங்கதானே, மிஸ்? அந்த வீடு நாந்தாங்க. கட்டி பேருலயே தேதியப் போடுங்க. நான் தொணைக்கு வந்து படுத்துக்கிறேன்.”